வேலியில் பூத்ததை ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்?

சென்ற வருடம் எழுதி முடித்த சிறுகதை ஒன்றை, அச்சுக்கு அனுப்புவதற்கு முன்னர், நமது மூத்த எழுத்தாளர் ஒருவரிடம் வாசிக்கக் கொடுத்தேன். இரண்டு நாளில் தொலைபேசியில் அழைத்தார். உரும்பிராய் ஒழுங்கைகளையும் வாப்பாவின் ஆட்டு வியாபாரத்தையும் அப்படியே கொண்டுவந்திருக்கிறீர்கள் என்று பாராட்டினார். பிறகு சற்றுத் தயங்கிவிட்டு, "அந்தப் பூவை மட்டும் எடுத்திடுங்களன் தம்பி. அது அவங்கட பூ. நம்மட ஆக்கள் வாசிச்சா மனசு நோவும்" என்றார்.

அவர் சொன்னது கார்த்திகைப்பூவை. நான் அதை எடுக்கவில்லை. கதை இன்னும் லாச்சிக்குள்தான் கிடக்கிறது. அவர் என்மீது உண்மையான அன்பு கொண்டவர். அவரது பெயர் இங்கு அவசியமற்றது, ஏனெனில் அவர் சொன்னது அவருடைய தனிப்பட்ட கருத்தல்ல. இருபது வருடங்களுக்கு மேலாக, வடக்கிலிருந்து வந்த முஸ்லிம் படைப்பாளிகளின் எழுத்துக்களில் யாரும் போடாத ஒரு தணிக்கை இயங்கிக்கொண்டிருக்கிறது. அதை அவர் வாய்திறந்து சொன்னார், அவ்வளவுதான். எனது சண்டை அந்தத் தணிக்கையோடு.

முதலில் பூவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இதைப் பற்றி வாதிடுபவர்களில் பலர் அதைச் சுவரொட்டியில் மட்டுமே பார்த்தவர்கள்.

உரும்பிராய் செம்மண் ஊர். புகையிலையும் வெங்காயமும் வாழையும் விளையும் தோட்டங்கள். அங்கிருந்து கிழக்கே கோப்பாயைத் தாண்டிக் கைதடிப் பக்கம் இறங்கினால் நிலம் மாறிவிடும். கடல்நீரேரியை ஒட்டிய தரவை. மாரியில் தண்ணீர் நிற்கும், கோடையில் உப்புப் பூத்து வெடித்துக் கிடக்கும். எனது வாப்பா சோனகத் தெருவிலிருந்து சைக்கிளில் பலாலி வீதியால் உரும்பிராய்க்கு ஆடு வாங்கப் போவார். பாடசாலை இல்லாத நாட்களில் என்னையும் பாரில் ஏற்றிக்கொள்வார். தோட்டக்காரர் வீடுகளில் ஆட்டைப் பார்த்து விலை பேசுவார். சில நாட்களில் தரவை வரைக்கும் போவோம், ஆடுகள் அங்கே மேயும்.

கார்த்திகைப்பூவை நான் கண்டது இந்த இரண்டு இடங்களிலும்தான். உரும்பிராயில் கிளுவை வேலிகளில் ஏறிப் படர்ந்திருக்கும். தரவையின் ஓரத்தில் மணல் சற்று மேடாகக் கிடக்கும் பற்றைகளுக்குள் நெருப்புப் பிடித்ததுபோல நிற்கும். முதல் மழை விழுந்ததும் மண்ணுக்குள் கிடக்கும் கிழங்கு முளைக்கும். இலையின் நுனியே சுருண்டு பற்றுக்கம்பியாகி எதையாவது பிடித்துக்கொண்டு ஏறும். பூ விரியும்போது பச்சை கலந்த மஞ்சளாக இருக்கும். பிறகு நுனி சிவக்கும். கடைசியில் முழுவதும் சிவந்து வாடும். ஆறு இதழ்களும் பின்னோக்கி மடிந்து நிற்கும். மாரி முடிந்து வெயில் ஏறியதும் கொடி காய்ந்து மறைந்துவிடும். அடுத்த மழை வரைக்கும் அப்படியொரு செடி அங்கே இருந்ததற்கு அடையாளமே இராது. கிழங்கு கலப்பை வடிவில் இரண்டு கிளையாகப் பிரிந்திருக்கும். அதனால்தான் கலப்பைக்கிழங்கு என்றும் பெயர். ஒவ்வொரு வருடமும் பழைய கிழங்கு தன்னைக் கொடுத்துப் புதிய கிழங்கை உண்டாக்கிவிட்டு அழிந்துபோகும். முளை கிளையின் நுனியில்தான் இருக்கும். நுனி முறிந்தால் அந்தக் கிளை முளைக்காது.

ஒருநாள் உரும்பிராயில் விலை பேசி முடித்து ஆட்டை அவிழ்த்துக்கொண்டு வெளியே வந்தபோது அந்த வீட்டுக்காரர் பின்னாலிருந்து சத்தம் போட்டார்: "நானா, இழுத்துப் பிடியுங்கோ! அந்தக் கொடியிலை வாய் வைக்க விட்டிடாதையுங்கோ, அது நஞ்சு." வாப்பா ஆட்டை இழுத்து என் கையில் தந்துவிட்டு, குனிந்து அந்தப் பூவைக் கொஞ்சநேரம் பார்த்தார். "நஞ்சுக்கு இவ்வளவு வடிவா?" என்று கேட்டார். எனது கதையில் அந்தப் பூ வருவது இந்த இடத்தில் மட்டும்தான். இதைத்தான் எடுக்கச் சொல்கிறார்கள்.

ஏன் எடுக்க வேண்டும்? அவர்கள் சொல்லும் நியாயத்தை நான் அறியாதவனல்லன். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி விடுதலைப் புலிகள் எங்களை ஜின்னா மைதானத்தில் கூட்டி இரண்டு மணிநேர அவகாசம் தந்தபோது எனக்குப் பதின்மூன்று வயது. உம்மாவின் காதிலிருந்ததையும் வாங்கிக்கொண்டு, உடுத்த உடுப்போடும் கையில் நூற்றைம்பது ரூபாயோடும் அனுப்பினார்கள். வடமாகாணத்திலிருந்து அந்த மாதம் துரத்தப்பட்டவர்கள் ஏறத்தாழ எழுபத்தையாயிரம் பேர். பெரும்பாலானவர்களைப்போல நாங்களும் புத்தளத்து ஓலைக் கொட்டிலுக்குள் போய் விழுந்தோம். 2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் நடந்த பத்திரிகையாளர் மாநாட்டில் அன்ரன் பாலசிங்கம் வருத்தம் தெரிவித்தார். அதற்கு அடுத்த வருடம் அதே இயக்கம் கார்த்திகைப்பூவைத் தமிழீழத்தின் தேசிய மலர் என்று அறிவித்தது. நவம்பர் 27இல் மாவீரர் நினைவோடு அந்தப் பூ சேர்ந்துகொண்டது. ஆகவே எங்களைத் துரத்தியவர்களின் மார்பில் குத்தியிருந்த பூ எங்கள் கதைக்குள் ஏன் என்று ஒரு புத்தளத்து வாசகி கேட்டால், அந்தக் கேள்வியை நான் அலட்சியம் செய்யமாட்டேன். அந்தக் காயம் எனதும்தான்.

ஆனால் மூத்த எழுத்தாளரின் வாதத்தை அதன் முடிவுவரைக்கும் கொண்டுபோய்ப் பாருங்கள். உரும்பிராய் என்ற பெயர் யாருடையது? ஈழப் போராட்ட வரலாற்றில் அந்த ஊரின் பெயரைக் கேட்டதும் பொன். சிவகுமாரனைத்தான் சொல்வார்கள். 1974 ஜூன் 5ஆம் திகதி சயனைட் அருந்தி உயிரிழந்தவர். அந்த ஊரில் அவருக்கு வைத்த சிலை உடைக்கப்பட்டது, மீண்டும் எழுப்பப்பட்டது, மீண்டும் உடைக்கப்பட்டது, மீண்டும் எழுப்பப்பட்டது. அப்படியானால் உரும்பிராய் என்ற பெயரையும் எனது கதையிலிருந்து எடுத்துவிட வேண்டுமா? பனையை என்ன செய்வது? தமிழ்த்தேசியக் கவிதைகளில் பனை எத்தனை தடவை நிமிர்ந்து நின்றிருக்கிறது! பூவும் அவர்களுடையது, பனையும் அவர்களுடையது, ஊர்ப்பெயரும் அவர்களுடையது என்று ஒவ்வொன்றாகக் கொடுத்துக்கொண்டு போனால், யாழ்ப்பாணத்தில் பிறந்த முஸ்லிம் படைப்பாளிக்கு மிஞ்சுவது ஜின்னா மைதானத்து இரண்டு மணிநேரம் மட்டும்தான். அதற்கு முந்திய ஐந்நூறு வருடமும் இல்லாமல் போய்விடும். வெளியேற்றியவர்கள் எங்களிடமிருந்து வீட்டையும் கடையையும் நகையையும் எடுத்தார்கள். வேலியில் பூத்திருந்ததை எடுக்கும்படி அவர்கள் சொல்லவில்லை. அதை நாங்களே இப்போது பிடுங்கிக் கொடுக்கிறோம். அவர்கள் தொடங்கிய வேலையை நமது பேனாவால் முடித்துவைக்கிறோம்.

சின்னமாக்கப்பட்ட பூ திரும்பச் செடியாக முடியாது என்று இன்னொரு நண்பர் வாதிட்டார். இதே பூவைக் கொண்டே அவருக்குப் பதில் சொல்லலாம். ஆபிரிக்காவிலும் இது வளர்கிறது. வெள்ளைச் சிறுபான்மையினர் ஆண்ட றொடேசியாவின் மலர் இதுதான். 1947இல் இளவரசி எலிசபெத்தின் இருபத்தோராவது பிறந்தநாளுக்குத் தென் றொடேசியப் பாடசாலைப் பிள்ளைகளின் பெயரால் வைரம் பதித்த ஒரு பூவைப் பரிசளித்தார்கள், அந்தப் பூ இது. 1980இல் விடுதலை பெற்ற சிம்பாப்வேயின் கறுப்பு மக்கள் இதை என்ன செய்தார்கள்? நாட்டின் பெயரை மாற்றினார்கள், தலைநகரின் பெயரை மாற்றினார்கள், கொடியை மாற்றினார்கள். பூவை மாற்றவில்லை. அது இன்றும் அவர்களின் தேசிய மலர். தங்களை ஒடுக்கியவன் சூடிக்கொண்டான் என்பதற்காகத் தங்கள் மண்ணில் முளைத்ததை அவர்கள் அவனிடம் விட்டுவிடவில்லை. இதே பூதான் தமிழ்நாட்டின் மாநில மலரும். அங்கே மூலனூரிலும் ஒட்டன்சத்திரத்திலும் வேதாரண்யத்திலும் விதைக்காக இதைப் பயிரிடுகிறார்கள், மருந்துக் கம்பனிகளுக்கு ஏற்றுமதியாகிறது. அந்த விவசாயிக்கு இது கிலோவுக்கு இன்ன விலை என்ற விதை.

இன்னும் பின்னால் போனால், சங்கத் தமிழில் காந்தள் என்று இது நிற்கிறது. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் வரிசைப்படுத்தும் பூக்களில் முதலாவது செங்காந்தள். முருகன் சூடும் பூவும் இதுவே. ஆக, இயக்கத்துக்கு முன்னர் முருகனும், முருகனுக்குப் பக்கத்தில் தலைவியின் விரலும் இந்தப் பூவுக்கு உரிமை கொண்டாடியிருக்கிறார்கள். ஒருவருக்கும் அது எழுதிக் கொடுக்கப்படவில்லை.

நமது மரபில் உரிமை கேட்பதென்றால் அதற்கும் வழி உண்டு. இந்தக் கிழங்கிலும் விதையிலும் உள்ள நஞ்சின் பெயர் கொல்கிசின். 1966இல் இலங்கை மருத்துவர் ஒருவர், இந்தக் கிழங்கை உண்டு உயிர்தப்பிய பெண்ணொருவரின் உடல்முடி முழுவதும் உதிர்ந்துபோனதைப் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் எழுதினார். அவ்வளவு கொடிய பொருள். அதே பொருள் மிகச் சிறிய அளவில் மூட்டுவாதத்துக்கு மருந்து. 1820இல் பாரிஸில் அதைப் பிரித்தெடுத்தது கார்த்திகைப்பூவின் குடும்பத்தைச் சேர்ந்த வேறொரு செடியின் குமிழ்க்கிழங்கிலிருந்து. அந்தச் செடியின் கிழங்கைத்தான் யூனானி வைத்தியர்கள் சூரஞ்சான் என்கிறார்கள். ஆயிரம் வருடங்களுக்கு முன்னர் இப்னு சீனா தமது கானூனில் மூட்டுநோய்க்குச் சொன்ன மருந்து அது. புகாராவில் பிறந்த அந்த ஹக்கீம் இன்று உரும்பிராய்க்கு வந்து அந்த வேலியைப் பார்த்திருந்தால் இது எந்த இயக்கத்தின் பூ என்று கேட்டிருக்கமாட்டார். கிழங்கைத் தோண்டிப் பார்த்திருப்பார்.

இதைச் சொல்வது "இது நமது பூ" என்று புதிதாக ஒரு கொடி நடுவதற்காக அல்ல. ஒரு செடிக்கு எத்தனையோ சொந்தங்கள் இருக்க முடியும் என்பதைக் காட்டத்தான். அவற்றில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் அழிக்கிறவன் அரசியல்வாதியாக இருக்கலாம். படைப்பாளியாக இருக்க முடியாது.

இந்த இடத்தில் தமிழ்க் கவிஞர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பூவை முதலில் செடியிலிருந்து பிடுங்கியவர்கள் நீங்கள்தான். உங்கள் கவிதைகளில் கார்த்திகைப்பூவுக்கு இலை கிடையாது, கிழங்கு கிடையாது, வேலி கிடையாது. மஞ்சளும் சிவப்புமாக ஒரேயொரு நாளின் நிறத்தில் உறைந்துபோய் நிற்கிறது. பிள்ளையை இழந்த தாய் நவம்பரில் அந்தப் பூவை வைத்து அழுவதை நான் மதிக்கிறேன். அவளுடைய துக்கத்தில் கைவைக்க எனக்கு உரிமையில்லை. ஆனால் அவளுடைய துக்கத்தைக் காட்டி, அந்தப் பூ எங்கள் வேலியிலும் பூத்தது என்று சொல்லவந்தவனின் வாயை அடைக்க உங்களுக்கும் உரிமையில்லை.

அடுத்தது அரசு. 2009க்குப் பிறகு இந்தப் பூவைக் கண்டாலே பொலிஸுக்குப் பதற்றம். 2024இல் வலிகாமத்துப் பாடசாலையொன்றில் இல்ல விளையாட்டுப் போட்டிக்குக் கார்த்திகைப்பூவை அலங்காரமாகச் செய்த மாணவர்கள் விசாரிக்கப்பட்டார்கள். அந்தச் செய்தியை வாசித்துவிட்டு நம்மவர் சிலர் உள்ளூரச் சிரித்ததை நான் கண்டேன். வெட்கமாக இருந்தது. 2019இல் நமது பெண்களின் முகத்திரையைத் தடைசெய்ததும், 2020இலிருந்து 2021 பெப்ரவரி வரைக்கும் நமது ஜனாஸாக்களைப் பலவந்தமாக எரித்ததும் இதே அரசுதான். துணியைக் கண்டும் மையித்தைக் கண்டும் பயப்பட்ட அதிகாரம் பூவைக் கண்டும் பயப்படுகிறது. அந்தப் பயத்தோடு நாம் கூட்டுச் சேரலாமா?

நமது மௌனத்துக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. அதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். செடி, காடு, சூழல் என்று யாராவது பேசத் தொடங்கினால் நமது மக்களின் அடிவயிறு கலங்குகிறது. முசலியில் நடந்தது அப்படி. மறிச்சுக்கட்டி, கரடிக்குளி, பாலைக்குளி மக்கள் 1990இல் துரத்தப்பட்டார்கள். அவர்கள் இல்லாத இருபது வருடத்தில் வளவுகளில் காடு ஏறியது. 2012 ஒக்டோபரில் வர்த்தமானி மூலம் அந்தப் பகுதியை ஒதுக்கக் காடாக்கினார்கள். திரும்பிவந்து பற்றை வெட்டியவர்களுக்கு வில்பத்துவை அழிப்பவர்கள் என்று பெயர். 2017இல் மாவில்லு என்ற பெயரில் இன்னொரு வர்த்தமானி வந்தது. மரத்தைக் காட்டி மனிதனை விரட்டியதைக் கண்ட சமூகம், பூவைப் பற்றிய எழுத்தைச் சந்தேகத்தோடு பார்ப்பது இயல்பே.

ஆனால் அதற்குப் பரிகாரம் செடிகளைப் பற்றி எழுதாமல் விடுவதா? நமது வளவில் என்ன மரம் நின்றது, வேலியில் என்ன கொடி படர்ந்தது என்று நாமே எழுதி வைத்திருந்தால், அந்த நிலத்தை ஆளில்லாத காடு என்று சொல்ல வந்தவனுக்கு அது ஒரு பதிலாக இருந்திருக்கும். காணி உறுதியில் எல்லை எழுதும்போது கிழக்கே வேலி, மேற்கே பூவரசு என்று எழுதுவதில்லையா? இலக்கியமும் ஒருவகை உறுதிதான். நாம் அதை எழுதாமல் விட்டுவிட்டோம்.

உமறுப்புலவரை நாம் மேடைக்கு மேடை புகழ்கிறோம். அவர் என்ன செய்தார்? தாம் காணாத அறபு தேசத்தைப் பாடும்போது, மழை பொழிய வைத்து, ஆறு பெருகவைத்து, வயலும் சோலையுமாகத் தமிழ் நிலத்தை அப்படியே கொண்டுபோய் அங்கே இறக்கினார். பாலைவனத்துக்குத் தமிழ்ப் பூக்களைக் கொண்டுபோக அவருக்குத் துணிவு இருந்தது. அவருடைய வாரிசுகள் என்று சொல்லிக்கொள்ளும் நமக்கு, பக்கத்து வேலியில் பூத்ததை ஒரு சிறுகதைக்குள் கொண்டுவரத் துணிவில்லை.

இவ்வளவு வாதத்துக்கும் நடுவே அந்தச் செடிக்கு என்ன நடக்கிறது என்பதை யாரும் பார்க்கவில்லை. சென்ற நவம்பரில் உரும்பிராய்ச் சந்தியிலிருந்து கோப்பாய் வரைக்கும் ஒழுங்கைகளால் நடந்து போனேன். கிளுவை வேலிகளும் கிடுகு வேலிகளும் இருந்த இடங்களில் சீமெந்து மதில்கள் எழுந்துவிட்டன. வெளிநாட்டுக் காசு, பாதுகாப்பு, கௌரவம், எல்லாம் சேர்ந்த மதில். மதிலில் கொடி பிடிக்கக் கிளை இல்லை. அத்திவாரம் வெட்டும்போது கிழங்கு முறிகிறது. தரவையோரத்தில் கல்லும் குப்பையும் கொட்டி மேடாக்கியிருக்கிறார்கள். சும்மா கிடக்கும் வெளிதானே என்ற நினைப்பு. வழி முழுவதும் மூன்று இடத்தில் மட்டும் அந்தப் பூவைக் கண்டேன். ஒன்று ஆளில்லாத வளவுக்குள் நின்றது. அதைச் சின்னமாக்கியவர்கள் காப்பாற்றவில்லை, சந்தேகப்பட்டவர்கள் வெட்ட வேண்டிய தேவையும் இருக்கவில்லை. மதில் அந்த வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. இன்னும் கொஞ்சக் காலத்தில் உரும்பிராய்ப் பிள்ளை இந்தப் பூவைச் சுவரொட்டியில் மட்டும்தான் அறியும். அன்றைக்குத்தான் அது உண்மையாகவே "அவங்கட பூ" ஆகும். அதற்கு நமது மௌனமும் பங்களித்திருக்கும்.

வாப்பா 2003இல் என்னோடு ஒருதடவை உரும்பிராய்க்கு வந்தார். 1990இல் அந்தத் தோட்டக்காரரிடம் மூன்று ஆட்டுக்கு முற்பணம் கொடுத்திருந்தார். ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பிடிப்பதாக இருந்தது. புத்தளத்தில் இருந்த பன்னிரண்டு வருடமும் "உரும்பிராயில மூண்டு ஆடு நிக்குது" என்று பகிடியாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். நாங்கள் போனபோது வீட்டில் வேறு ஆட்கள் இருந்தார்கள். தோட்டக்காரர் இடம்பெயர்ந்து போனவர் திரும்பவில்லை என்றார்கள். வாப்பா ஆட்டைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. வெளியே வந்து வேலியோரமாக நடந்து, ஓரிடத்தில் நின்று, "இதிலதான் அந்த நஞ்சுக் கொடி நிண்டது" என்றார். கோடைகாலம். மண்ணுக்கு மேல் ஒன்றும் இருக்கவில்லை. ஆனாலும் அவருக்கு இடம் தெரிந்திருந்தது. வாப்பா மௌத்தாகிப் பல வருடமாகிறது. அந்த இடத்தைக் காட்டக்கூடிய ஆள் இப்போது நான் ஒருவன்தான். அதை அழித்துவிடும்படி மூத்த எழுத்தாளர் சொல்கிறார்.

மனது நோகும் என்றார் அவர். நோகட்டும். நோகாமல் எழுதுவதற்கு நமக்கு என்ன நடக்காமலா விட்டது? அந்தப் புத்தளத்து வாசகி கதையை வாசித்து, பூ வரும் இடத்தில் நின்று, கோபப்பட்டு எனக்குக் கடிதம் எழுதட்டும். நான் பதில் எழுதுவேன். அவளுடைய வாப்பாவும் ஏதாவதொரு வேலியோரமாக நடந்தவராகத்தான் இருப்பார். அங்கே என்ன பூத்திருந்தது என்று அவளிடம் கேட்பேன்.

லாச்சிக்குள் கிடந்த கதையை அடுத்த இதழுக்காக ஆசிரியருக்கு அனுப்பிவிட்டேன். பூ இருந்த இடத்திலேயே இருக்கிறது.